லொறி பிடிக்கும் முன்: வாகனப் பதிவையும் பாதுகாப்புப் பதிவையும் பார்ப்பது எப்படி?

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ சாமான் அனுப்ப லொறி தேடுகிறவர் தொலைபேசியில் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: ஹயர் எவ்வளவு, எத்தனை மணிக்கு வருவீர்கள். லொறி யாருடையது, காகிதங்கள் யார் பெயரில் இருக்கின்றன, இதற்கு முன் எங்கேயாவது மோதியிருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவாகப் படுகிறது. தெரிந்தவர் மூலம் வந்த லொறி என்றால் அந்தக் கேள்வி நாக்கு நுனிவரைகூட வருவதில்லை. ஆனால் நாம் அதில் ஏற்றப்போவது சில சமயம் ஒரு கடையின் மாத முதல், சில சமயம் ஒரு குடும்பத்தின் முழு வீட்டுச் சாமான். சரக்கு ஏற்றுகிறவரின் பதிவையும் அவருடைய பாதுகாப்பு வரலாற்றையும் முன்கூட்டியே சரிபார்ப்பது என்றால் என்ன, எந்தக் காகிதத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பதை, முதன்முறையாக லொறி பிடிக்கும் ஒருவருக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறேன்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மீன் லோட்டில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், ஐஸ் நிரப்பிய பதினான்கு மீன் பெட்டிகளைப் பேலியகொடைச் சந்தைக்கு அனுப்ப லொறி பிடித்தேன். வழக்கமாக வருபவரின் வண்டி கராஜில் கிடந்ததால் அவர் சொல்லிவிட்ட வேறொருவர் வந்தார். நல்ல மனிதர், பேச்சில் பணிவு. ஹபரணைக்கு இப்பால் போக்குவரத்துப் பொலிஸார் மறித்தபோதுதான், முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த வருமான அனுமதிப்பத்திரம் மூன்று வாரங்களுக்கு முன்பே முடிந்திருந்தது தெரியவந்தது. காப்புறுதியும் அதோடு சேர்ந்தே முடிந்திருந்தது. லொறி அங்கேயே நின்றுவிட்டது. நள்ளிரவில் தொலைபேசியில் கெஞ்சி இன்னொரு வண்டி பிடித்து, பெட்டிகளை மாற்றி அனுப்பி, மீன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி, விலை விழுந்திருந்தது. முடிவுத் திகதி ஏற்றும் இடத்திலேயே, என் கை எட்டும் தூரத்தில், கண்ணாடியில் இருந்தது. நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சரிபார்ப்பு என்று ஒரே சொல்லாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று வேறு கேள்விகள் இருக்கின்றன. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். முதலாவது, நம்மோடு பேசுகிறவர் உண்மையில் யார், லொறி அவருடையதுதானா என்பது. இரண்டாவது, இந்த லொறி இன்றைய திகதியில், இந்தச் சரக்கை ஏற்றிக்கொண்டு, இந்தச் சாரதியின் கையில் வீதியில் ஓடச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்பது. மூன்றாவது, இவர்கள் இதுவரை எப்படி ஓட்டியிருக்கிறார்கள் என்பது. முதல் இரண்டுக்கும் காகிதம் பதில் சொல்லும். மூன்றாவதற்கு இலங்கையில் நேரடியான காகிதம் எதுவும் இல்லை. அதைச் சுற்றி வளைத்துத்தான் அறிய வேண்டும்.

இலக்கத் தகடும் வாகனப் புத்தகமும்

எல்லாம் தொடங்குவது இலக்கத் தகட்டில். லொறியின் வாகன இலக்கத்தை எழுதிக்கொண்டு, அதே இலக்கத்துக்குரிய பதிவுச் சான்றிதழின், அதாவது நாம் பேச்சில் ‘வாகனப் புத்தகம்’ என்று சொல்வதன், தெளிவான படத்தை வட்ஸ்அப்பில் கேளுங்கள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கும் சான்றிதழ் இது. இதில் உரிமையாளரின் பெயரும் முகவரியும், வாகனத்தின் வகுப்பும், இயந்திர இலக்கமும் செசி இலக்கமும், வெற்று எடையும் மொத்த எடையும் இருக்கும். படம் மங்கலாக இருக்கிறது, சந்தேகமாக இருக்கிறது என்றால், திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து, சிறு கட்டணம் செலுத்தி, பதிவிலுள்ள அடிப்படை விவரங்களை நாமே எடுத்துப் பார்க்க முடியும். பெரிய லோட் ஒன்றுக்கு முன் அந்தக் கட்டணத்தைக் கணக்குப் பார்ப்பது வீண் சிக்கனம்.

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் குறுக்கே வரும். பழைய லொறிகள் பல ‘ஓப்பன் பேப்பரில்’ கைமாறுகின்றன. விற்றவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் தன் பெயரை நிரப்பித் திணைக்களத்தில் ஒப்படைக்காமல் அதை அப்படியே மேசை லாச்சியில் வைத்திருப்பார். லொறி இரண்டு மூன்று கை மாறிய பிறகும் புத்தகத்தில் முதல் ஆளின் பெயரே இருக்கும். ஓட்டுகிறவர் கள்வர் என்று இதனால் முடிவு கட்டிவிட முடியாது. பெரும்பாலும் மாற்றக் கட்டணத்தையும் அலைச்சலையும் தள்ளிப்போட்டவராகத்தான் இருப்பார். ஆனால் விபத்து நேர்ந்து வழக்கு, நட்டஈடு என்று போனால், பதிவில் இருப்பவர் ‘எப்போதோ விற்றுவிட்டேன்’ என்பார், வண்டி வைத்திருப்பவர் ‘என் பெயரில் இல்லையே’ என்பார், சரக்கைப் பறிகொடுத்தவர் இருவருக்கும் நடுவில் நிற்பார். ஓப்பன் பேப்பர் லொறிக்கு விலை உயர்ந்த சரக்கை நான் கொடுப்பதில்லை. வீட்டுக்குக் கல், மண் இறக்குவதற்கு என்றால் அவ்வளவு கண்டிப்பாக இருப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

லீசிங்கில் எடுத்த லொறி வேறு கதை. அதன் புத்தகத்தில் லீசிங் கம்பனி முழு உரிமையாளராகவும், ஓட்டுகிற முதலாளி பதிவுசெய்யப்பட்ட உரிமையாளராகவும் இரண்டு பெயர்கள் இருக்கும். இது சாதாரணமானது, பயப்படத் தேவையில்லை. தவணை பல மாதம் கட்டாத லொறியை இடைவழியில் கம்பனிக்காரர் மறித்து எடுத்துக்கொண்டால் நம் சரக்கு என்னவாகும் என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். அதற்குக் காகிதத்தில் பதில் கிடைக்காது. ஊரில் விசாரித்தால் கிடைக்கும்.

கண்ணாடியில் ஒட்டியிருப்பது

எனக்குப் பாடம் புகட்டிய வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருவோம். லொறியில் ஒரேயொரு காகிதத்தைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் பார்க்க வேண்டியது இதைத்தான். இதை ஆண்டுக்கொருமுறை மாகாண அதிகாரம், பிரதேச செயலகங்கள் வழியாகவும் இணைய வழியாகவும் வழங்குகிறது. லொறி ஒன்றுக்கு இதை எடுக்கப் போகிறவர் செல்லுபடியான காப்புறுதியையும், புகைப் பரிசோதனைச் சான்றிதழையும், வாகனத் தகுதிச் சான்றிதழையும் முன்வைக்க வேண்டும். ஆகவே கண்ணாடியில் இருக்கும் அந்தச் சிறு தாளுக்குப் பின்னால் மூன்று காகிதங்கள் மறைந்து நிற்கின்றன: லொறிக்குக் காப்புறுதி இருந்தது, புகை அளவு எல்லைக்குள் இருந்தது, பிரேக், ஸ்டியரிங், விளக்கு முதலியவற்றைப் பரிசோதித்த ஒருவர் அது வீதியில் ஓடத் தகுதியானது என்று கையெழுத்திட்டார்.

‘இருந்தது’ என்று இறந்த காலத்தில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அனுமதிப்பத்திரம் பேசுவது அது வழங்கப்பட்ட நாளைப் பற்றி. மாசியில் தகுதிச் சான்றிதழ் பெற்ற லொறியின் பிரேக் புரட்டாதியில் எப்படியிருக்கிறது என்று அது சொல்லாது. காப்புறுதியும் இடையில் முடிந்திருக்கலாம். எனவே கண்ணாடியில் முதலில் வாகன இலக்கம் தகட்டில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முடிவுத் திகதியைப் பாருங்கள். அதன் பின் காப்புறுதி அட்டையின் திகதியைத் தனியாகக் கேளுங்கள். நம் ஊர் வெயிலில் ஆறு மாதத்தில் மை மங்கிவிடும். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தால் 3, 8 போலத் தெரியும். கதவைத் திறந்து உள்ளே ஏறிப் பார்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

காப்புறுதி பற்றி இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மிக அதிகமாகத் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது இதுதான். லொறிக்காரர் ‘இன்சூரன்ஸ் இருக்கு’ என்று சொல்லும்போது அவர் பொய் சொல்வதில்லை. ஆனால் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. லொறி மற்றவர்களுக்கு விளைவிக்கும் சேதத்துக்கே அது பொறுப்பு. முழுக் காப்புறுதி லொறியையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டிலும் பின்னால் ஏற்றியிருக்கும் உங்கள் சாமான் சாதாரணமாக அடங்குவதில்லை. கந்தளாய்க்கு அப்பால் லொறி குடை சாய்ந்து உங்கள் குளிர்சாதனப் பெட்டியும் கண்ணாடி அலுமாரியும் நொறுங்கினால், எதிரே வந்து மோதப்பட்ட முச்சக்கரவண்டிக்காரருக்கு நட்டஈடு கிடைக்கும். லொறிக்குத் திருத்தச் செலவு கிடைக்கலாம். உங்களுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். சரக்குக்கென்று தனிக் காப்புறுதி உண்டு. அதை நிறுவனம் எடுத்திருந்தால் அதன் பிரதியைக் கேளுங்கள்; இல்லையென்றால் பெறுமதியான லோட்டுக்கு நீங்களே எடுக்கலாமா என்று காப்புறுதிக் கம்பனியிடம் விசாரியுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் வாகனத்தை எதற்காகப் பயன்படுத்தலாம் என்ற பகுதியையும் வாசித்துவிடுங்கள். சொந்தச் சாமான் ஏற்றுவதற்கென்று மட்டும் காப்புறுதி செய்த லொறியை ஹயருக்கு விட்டால், நட்டஈடு கேட்கும் நாளில் கம்பனிக்கு மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

சாரதியும் சுமையும்

லொறி சரியாக இருந்து சாரதி சரியில்லாமல் போவதும் உண்டு. இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தின் பின்புறத்தில், அவர் எந்தெந்த வகுப்பு வாகனங்களை ஓட்டலாம் என்பதும், ஒவ்வொன்றுக்கும் எதிரே திகதிகளும் இருக்கும். மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிக்கு ‘சீ1’ வகுப்பு வேண்டும். அதற்கு மேற்பட்டதற்கு ‘சீ’. பின்னால் இழுவைப் பெட்டி பூட்டிய கனரக வண்டிக்கு ‘சீஈ’. கார், வான் ஓட்டும் ‘பீ’ வகுப்பு மட்டும் உள்ள ஒரு தம்பி, ‘டிமோ பட்டா’ போன்ற சிறிய வண்டியை ஓட்டலாம்; அவரையே ‘சின்ன லொறிதானே’ என்று பெரிய கன்டரில் ஏற்றிவிடுவது நம்மிடையே நடக்கிற காரியம். அட்டையின் முன்புறப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர்களுக்கு இது தெரிய வராது.

மொத்த எடை என்று மேலே சொன்னதை ஒரு சிறு கணக்கோடு விளக்கினால் சுலபமாக இருக்கும். ஒரு லொறியின் புத்தகத்தில் வெற்று எடை 2,600 கிலோ, மொத்த எடை 5,500 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 2,900 கிலோதான் அது சட்டப்படி சுமக்கக்கூடியது. ஒரு சீமெந்துப் பை 50 கிலோ. ஆகவே அந்த லொறியில் ஏற்றக்கூடியவை 58 பைகள். சாரதியும் கிளீனரும் அமர்ந்தால் இரண்டு மூன்று குறையும். ‘நூறு பை போடுவேன் அண்ணே, ஒரே ட்ரிப்பில் முடிக்கலாம்’ என்று ஒருவர் சொன்னால், அவர் கேட்கும் ஹயர் மலிவாக இருப்பதன் காரணம் அங்கேயே தெரிந்துவிடுகிறது. அந்த மிகைச் சுமையோடு பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், டயர் சூடேறும். எடைகளைப் பல லொறிகளின் பக்கவாட்டிலேயே எழுதியிருப்பார்கள். அதைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

மணல் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து டிப்பரில் வரும் மணலுக்கு லொறியின் காகிதங்கள் போதாது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டத்தின் கீழ், புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரமும் கூடவே வர வேண்டும். நேற்றைய லோட்டுக்குரிய பத்திரத்தை இன்றும் காட்டுகிறார்களா என்று திகதியையும் வாகன இலக்கத்தையும் பாருங்கள். மரத்துக்கு வன இலாகாவின் அனுமதி அதுபோலவே.

நிறுவனம் என்று சொல்கிறவர்கள்

ஒற்றை லொறிக்காரர் அல்லாமல் ‘ட்ரான்ஸ்போர்ட் கம்பனி’ என்று பெயர்ப்பலகை வைத்தவரிடம் போகும்போது இன்னொரு அடுக்கு சேருகிறது. தனியார் வரையறுக்கப்பட்ட கம்பனி என்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவு இருக்க வேண்டும். பெயர் பதிவில் இருக்கிறதா என்பதைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். தனிநபர் வியாபாரம் அல்லது பங்குடைமை என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் இருக்கும். இதைக் கடையில் பிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள்.

பதிவு இருப்பதைவிட முக்கியமானது, ஒரே பெயர் எல்லாக் காகிதங்களிலும் ஓடுகிறதா என்பது. வியாபாரப் பதிவில் ஒரு பெயர், வாகனப் புத்தகத்தில் இன்னொரு பெயர், காப்புறுதியில் மூன்றாவது பெயர், பணம் போடச் சொல்லும் வங்கிக் கணக்கில் நான்காவது பெயர் என்றால், அந்த இடைவெளிகளை அவர்கள் வாய் திறந்து விளக்க வேண்டும். ‘இது மச்சானின் லொறி, எங்களோடு ஓடுகிறது’ என்பது நம்பத்தகுந்த விளக்கமே; அப்படியானால் அந்த மச்சானோடும் பேசி, சரக்குக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். விளக்கம் கேட்டதும் கோபப்படுகிறவரிடம் நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

பாதுகாப்புப் பதிவு என்றால் என்ன: அமெரிக்காவில் செய்யும் விதம்

இனி மூன்றாவது கேள்வி. இதுவரை எப்படி ஓட்டினார்கள் என்பதை எவரும் திறந்து பார்க்கக்கூடிய பதிவாக வைத்திருக்கும் நாடு ஐக்கிய அமெரிக்கா. இரவில் கணினி முன் அமர்ந்து அமெரிக்கச் சரக்குத் தரகர்களின் அலுவலகங்களுக்கு இலங்கையிலிருந்து வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பதிவு தண்ணீர் பட்ட பாடு; மற்றவர்களுக்கு, பாதுகாப்புப் பதிவு என்ற கருத்தை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அங்கே 1935ஆம் ஆண்டிலிருந்து மாநில எல்லை தாண்டிச் சரக்கு ஏற்றுவது மத்திய அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. புதியவர் உள்ளே நுழைவது கடினம். 1980இல் வந்த சட்டம் அந்தக் கதவை அகலத் திறந்துவிட்டது. அனுமதி பெறுவது எளிதானதும், அனுமதி இருக்கிறது என்ற ஒன்றே ஒருவரைப் பற்றி அதிகம் சொல்லாத நிலை வந்தது. 2000ஆம் ஆண்டு தொடக்கம் லொறி, பஸ் நிறுவனங்களின் பாதுகாப்புக்கென்று போக்குவரத்துத் திணைக்களத்துக்குள் தனியான நிர்வாகம் ஒன்று இயங்குகிறது. நிறுவனங்களுக்கு அது வழங்கும் இலக்கத்தை ‘டிஓடி இலக்கம்’ என்பார்கள். இதை லொறியின் இரு பக்கங்களிலும், பகலில் 50 அடி தூரத்திலிருந்து வாசிக்கக்கூடியதாக எழுதியிருக்க வேண்டும். அந்த இலக்கத்தை ‘சேஃபர்’ எனப்படும் அரச இணையப் பக்கத்தில் தட்டினால், பணம் எதுவும் கட்டாமல், நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, தொலைபேசி, எத்தனை லொறிகள், எத்தனை சாரதிகள், கடந்த 24 மாதங்களில் வீதியோரத்தில் எத்தனை தடவை பரிசோதிக்கப்பட்டார்கள், அவற்றில் எத்தனை தடவை ‘இனி ஓட்டாதே’ என்று அந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டார்கள், எத்தனை விபத்துகளில் சிக்கினார்கள் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். நிறுத்தப்பட்ட வீதத்துக்குப் பக்கத்திலேயே தேசிய சராசரியும் இருக்கும். வாகனங்களுக்கு அது ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று, சாரதிகளுக்கு அதைவிட வெகு குறைவு.

வீதங்களை வாசிக்கத் தெரியாமல் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். இரண்டு பரிசோதனையில் ஒரு தடவை நிறுத்தப்பட்ட சிறு நிறுவனத்தின் வீதம் 50. நாற்பது பரிசோதனையில் பன்னிரண்டு தடவை நிறுத்தப்பட்டதன் வீதம் 30. பார்வைக்கு முதலாவதுதான் மோசம். ஆனால் முதலாவது ஒரு விளக்கு எரியாத ஒற்றை நாளின் கதையாக இருக்கலாம். இரண்டாவது பழகிப்போன அலட்சியம். விபத்து எண்ணிக்கையும் அப்படித்தான். உயிரிழப்பு, சிகிச்சைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய காயம், வாகனத்தை இழுத்துச்செல்ல வேண்டிய சேதம் ஆகியவற்றில் ஒன்று நேர்ந்த விபத்துகள் பதிவாகும். பிழை யாருடையது என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. நிறுத்திவைத்த லொறியில் யாரோ வந்து மோதியிருந்தாலும் அது லொறி நிறுவனத்தின் கணக்கில்தான் நிற்கும்.

அந்தப் பக்கத்தில் ‘திருப்தி’, ‘நிபந்தனையுடன்’, ‘திருப்தியில்லை’ என்ற மூன்றில் ஒன்றாக ஒரு மதிப்பீடும் இருக்கக்கூடும். பெரும்பாலான நிறுவனங்களுக்கு மதிப்பீடே இருக்காது. அதிகாரிகள் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேடுகளைச் சோதித்தவர்களுக்கே அது கிடைக்கும். இருந்தாலும் அதன் திகதியைப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுக்கு முந்திய ‘திருப்தி’ இன்றைய சாரதிகளைப் பற்றி என்ன சொல்லிவிடும்?

எனக்கு மிகவும் பயன்பட்டது, அங்குள்ளவர்கள் ‘பச்சோந்தி’ என்று பெயர் வைத்திருக்கும் வகையைப் பற்றிய எச்சரிக்கை. கெட்ட பதிவு சேர்ந்த நிறுவனத்தை மூடிவிட்டு, அதே லொறிகளோடு, அதே முகவரியில், மனைவியின் பெயரிலோ மகனின் பெயரிலோ புது இலக்கம் எடுத்துக்கொண்டு, கறையில்லாப் பதிவோடு மறுபடி வருபவர்கள் இவர்கள். ஆகவே பதிவு சுத்தமாக இருப்பதைப் பார்த்து மகிழுமுன் அது எத்தனை வயதான பதிவு என்று பார்க்க வேண்டும். இன்னொரு மோசடி, நல்ல நிறுவனமொன்றின் பெயரையும் இலக்கத்தையும் திருடிக்கொண்டு பேசுவது. அதற்கு மருந்து எளிது: பேசுகிறவர் கொடுத்த தொலைபேசி இலக்கத்தை விட்டுவிட்டு, அரசப் பதிவிலுள்ள இலக்கத்துக்கு நாமே அழைத்துக் கேட்பது.

காப்புறுதி விடயத்தில் அங்கும் நம் நிலைதான் என்பது வியப்பு. வாடகைக்குச் சாதாரணச் சரக்கு ஏற்றும் நிறுவனம் மூன்றாம் தரப்புப் பொறுப்புக்குக் குறைந்தது 7,50,000 டொலர் காப்புறுதி வைத்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுச் சாமான் ஏற்றுவோரைத் தவிர மற்றவர்களிடம், சரக்குக்குக் காப்புறுதி இருக்கிறதா என்ற அத்தாட்சியை மத்திய அரசு கேட்பதில்லை. அங்கும் சரக்குக்காரரே கேட்டு வாங்க வேண்டும்.

அப்படியொரு பக்கம் இல்லாத ஊரில்

நம்மிடம் லொறி நிறுவனங்களுக்கு அப்படியொரு திறந்த பதிவு இல்லாததால், அந்தப் பக்கம் சொல்லக்கூடியதை நாமே துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அடிக்கடி லோட் கொடுக்கப்போகும் நிறுவனம் என்றால், காப்புறுதியைப் புதுப்பித்த அறிவித்தலைக் காட்டச் சொல்லுங்கள். நட்டஈடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் கழிவு அதில் இருக்கும். கழிவு ஆண்டுக்காண்டு கூடியிருந்தால் அந்த லொறி அமைதியாக ஓடியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். முற்றிலும் நம்ப முடியாது, சிறு விபத்துகளைக் கையிலிருந்து கொடுத்து முடிப்பவர்களும் உண்டு. என்றாலும் நம்மிடம் இருப்பதில் எண்ணாக வெளிப்படும் தடயம் இது ஒன்றுதான்.

அடுத்தது, அவர்களிடம் மாதக்கணக்கில் ஏற்றுகிற இரண்டு கடைக்காரரிடம் கேட்பது. ‘ஆள் நல்லவரா’ என்று கேட்டால் ‘நல்லவர்’ என்ற பதில்தான் வரும். ‘கடைசியாக எப்போது லோட் பிந்தியது, ஏன், அப்போது என்ன செய்தார்’ என்று கேளுங்கள். பிந்தாத லொறி உலகில் இல்லை. பிந்தியபோது தொலைபேசியை எடுத்தாரா என்பதில்தான் ஆள் தெரிவார்.

லொறியைச் சுற்றி ஒரு தடவை நடந்து வாருங்கள். பின் அச்சில் இரட்டையாகப் பூட்டியிருக்கும் டயர்களில் உட்புறத்தில் இருப்பதைக் குனிந்து பாருங்கள். வெளியே தெரிவது புதிதாகவும் உள்ளே இருப்பது கம்பி தெரியத் தேய்ந்ததாகவும் இருப்பது வழக்கமான தந்திரம். டயர் ரீபில்ட் செய்ததாக இருப்பது குற்றமில்லை; அதன் ஓரம் பிளந்து கிளம்பியிருந்தால் வேண்டாம். சாரதியைப் பிரேக்கில் கால் வைக்கச் சொல்லிப் பின் விளக்குகள் இரண்டும் எரிகின்றனவா என்று பாருங்கள். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை காட்டுவழி. இரவில் யானை குறுக்கே வந்து நிற்கும் வீதி. முன் விளக்கு ஒன்று மங்கலான லொறி அந்த வழியில் இரவு ஓடக்கூடாது.

சாரதியிடம் ஒரேயொரு கேள்வி: நேற்றிரவு எங்கே ஓடினீர்கள்? அமெரிக்காவில் சரக்கு லொறிச் சாரதி பத்து மணித்தியாலம் ஓய்வெடுத்த பின் பதினொரு மணித்தியாலமே ஓட்டலாம். வண்டியிலுள்ள மின்னணுக் கருவி அதைப் பதிந்துகொண்டிருக்கும். இங்கே முன்னிரவு கொழும்பிலிருந்து வந்து, பகலில் சாமான் இறக்கி, மாலையில் நம் லோட்டோடு மறுபடி கிளம்புகிறவரை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண் சிவந்திருந்தால் காலையில் புறப்படச் சொல்லுங்கள், அல்லது இரண்டாவது சாரதியைக் கேளுங்கள். இதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை நான் ஒருபோதும் வீணாக நினைத்ததில்லை.

இவ்வளவும் பார்த்து முடித்த பிறகு, ஏற்றும் நாளில் வேறொரு லொறி வந்து நிற்பது மிகச் சாதாரணமாக நடக்கும். ‘அது பழுது, இதை அனுப்பினார்கள்’ என்பார் சாரதி. அப்போது நீங்கள் முன்பு பார்த்த காகிதங்கள் எவற்றுக்கும் இந்த லொறியோடு சம்பந்தமில்லை. தகட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள்: புத்தகத்தின் படம், கண்ணாடித் திகதி, காப்புறுதி அட்டை, சாரதியின் அட்டைப் பின்புறம். பழகியவருக்குப் பத்து நிமிடம் போதும். நான்கையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, ஏற்றிய சாமான்களின் பட்டியலில் வந்த லொறியின் இலக்கத்தையும் சேர்த்து எழுதி, சாரதியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாமான் போய்ச் சேர்ந்து மறுமுனையில் எண்ணிப் பெற்றுக்கொண்டோம் என்ற செய்தி வரும்வரை அந்தப் படங்களை அழிக்காதீர்கள்.